இடம் இல்லாத பிளேன் வராது: சிமுலேற்றரில் பலாலியையும் கட்டுநாயக்காவையும் ஒழுங்குபடுத்திய அனுபவம்

பிளேன் ஒழுங்காக இறங்குகிறது. ஓடுபாதையில் வேகத்தைக் குறைத்துப் பக்கத்து வழியால் திரும்புகிறது. திரும்பிய கையோடு இல்லாமல் போகிறது. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. பிளைற் சிமுலேற்றரில் கணினி தானே ஓட்டுகிற பிளேன்களோடு, அதாவது ஏஐ ட்ரபிக்கோடு, மினக்கெடுகிற எல்லோரும் என்றைக்கோ ஒருநாள் இதைக் கண்டிருப்பார்கள். பரந்தனில் எங்கள் வீட்டில் அதை முதலில் கவனித்தது என் மருமகன்.

"மாமா, சென்னையால வந்தது எங்கை போட்டுது?"

"இறங்கின பிளேனுக்கு நிக்க இடமில்லையடா. அதுதான் சிமுலேற்றர் அதை அழிச்சுப்போட்டுது."

"அப்ப இடம் குடுப்பம்."

நான் எழுத வந்ததும் அந்த இடம் கொடுக்கிற வேலையைப் பற்றித்தான். ஏஐ ட்ரபிக் சரியாக ஓடவில்லை என்றால் நிறையப் பேர் உடனே புதுப் பிளேன் மொடலைத் தேடி இறக்குகிறார்கள், அல்லது நேரசூசியை மாற்றிப் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் பத்தில் எட்டுச் சிக்கல் தரையில்தான் கிடக்கிறது. தரிப்பிடத்தைச் சரிசெய்தால் வானம் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

எங்களிடம் இருப்பது பழைய டெஸ்க்டொப். அதில் ஓடுவது மைக்ரோசொஃப்ற் பிளைற் சிமுலேற்றர் எக்ஸ், சுருக்கமாக எஃப்எஸ்எக்ஸ், 2006இல் வந்தது. 2020இல் வந்த பதிப்பை இந்தக் கொம்பியூட்டர் தாங்காது, அது கேட்கிற இணைய டேற்றாவை எங்கள் தொலைபேசி இணைப்பும் தாங்காது. ஆனால் ஏஐ ட்ரபிக்கின் அடிப்படையைப் படிக்க எஃப்எஸ்எக்ஸைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கருத்து. எல்லாம் நோட்பாட்டில் திறந்து வாசிக்கக்கூடிய எழுத்தாகவும், படத்தில் வட்டமாகவும் கோடாகவும் கண்முன்னே இருக்கிறது. பிறகு எந்தச் சிமுலேற்றருக்குப் போனாலும் இந்த அறிவு கூடவே வரும்.

ஆரை என்கிற கட்டளை

எயார்போட் டிசைன் எடிற்றர் என்கிற இலவசக் கருவியில் ஒரு விமான நிலையத்தைத் திறந்தால், ஒவ்வொரு தரிப்பிடமும் ஒரு வட்டமாகத் தெரியும். அந்த வட்டத்தின் ஆரைதான் முழு விஷயத்துக்கும் திறப்பு. பிளேனின் இறக்கை முனையிலிருந்து முனைவரை உள்ள நீளத்தில் பாதியாவது அந்த ஆரை இருக்கவேணும். இல்லாவிட்டால் அந்தப் பிளேன் அந்த இடத்தில் நிற்காது. வேறு இடமும் இல்லாவிட்டால், இறங்கிய பிறகு காணாமல் போகும். புறப்பட வேண்டிய பிளேனாக இருந்தால் தோன்றவே தோன்றாது.

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு நாங்கள் பாவித்தது இலவசமாகக் கிடைத்த ஒரு காட்சித் தொகுப்பு. கட்டடமும் மரமும் நன்றாகச் செய்திருந்தது. தரிப்பிடங்கள் எல்லாம் 10 மீற்றர் ஆரை. செஸ்னா மாதிரிச் சின்னப் பிளேனுக்கு அது காணும். சென்னையிலிருந்து பலாலிக்கு உண்மையில் வருவது ஏரிஆர் 72. அதன் இறக்கை அகலம் 27.05 மீற்றர். பாதி என்றால் 13.5ஐக் கொஞ்சம் தாண்டும். 10 மீற்றர் வட்டத்துக்குள் அது எப்படி நிற்கும்? உழவு இயந்திரம் வாங்க முன்னம் கொட்டில் வாசலை அளந்து பார்ப்போமே, அதே கணக்குத்தான்.

இரண்டு தரிப்பிடங்களின் ஆரையை 16 மீற்றர் ஆக்கினேன். 14 வைத்தாலும் கணக்குப்படி சரிதான். ஆனால் சில மொடல்களில் இறக்கை அகலம் உண்மையைவிடக் கூட எழுதப்பட்டிருக்கும், அதற்காகக் கொஞ்சம் இடைவெளி விட்டேன். வட்டங்களைப் பெருப்பித்ததும் ஒன்றோடொன்று முட்டின. ஒன்றைப் பிடித்துத் தள்ளி வைத்தேன். முட்ட விட்டால் ஒரு பிளேனின் இறக்கை மற்றப் பிளேனின் உடம்புக்குள்ளால் போகிற காட்சியைப் பார்க்க வேண்டிவரும்.

கொழும்புக்குக் கிட்ட இருக்கிற கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இதே கணக்கு இன்னும் பெரிது. பெரிய பயணிகள் பிளேனான ஏ330-300இன் இறக்கை அகலம் 60.3 மீற்றர், ஆகவே ஆரை 30.2க்குக் குறையக்கூடாது. வளைந்த இறக்கை முனையோடு வருகிற ஏ320 குடும்பத்துக்கு 35.8 மீற்றர், ஆரை 18 போதும். எல்லா வட்டத்தையும் பெரிதாக்கிவிட்டால் பிரச்சினை தீரும் என்று நினைக்கத் தோன்றும். தீராது. சின்னப் பிளேன்கள் போய்ப் பெரிய இடங்களைப் பிடித்துக்கொள்ளும், பிறகு வருகிற ஏ330க்கு இடம் இருக்காது. சின்னதுக்குச் சின்ன வட்டம், பெரியதுக்குப் பெரிய வட்டம் என்று பிரித்து வைப்பதுதான் வேலை.

யாருக்கு எந்த இடம்

ஆரைக்கு அடுத்தது குறியீடு. ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறது: சிறீலங்கன் எயார்லைன்சுக்கு ஏஎல்கே, இண்டிகோவுக்கு ஐஜிஓ, அலையன்ஸ் எயாருக்கு எல்எல்ஆர். இந்தக் குறியீட்டைத் தரிப்பிடத்திலும் எழுதவேணும், பிளேனின் போல்டரில் இருக்கும் எயார்கிராஃப்ற் சிஎஃப்ஜி என்ற பைலிலும் எழுதவேணும். இரண்டும் பொருந்தினால் பிளேன் தன் நிறுவனத்தின் இடத்தைத் தேடிப் போகும். அந்த பைலில் ஒவ்வொரு நிறத்துக்கும், அதாவது ஒவ்வொரு நிறுவனத்தின் வண்ணப்பூச்சுக்கும், தனித்தனிப் பகுதி இருக்கிறது. குறியீட்டு வரி சரியான பகுதிக்குள் இருக்கிறதா என்று பார்க்கவேணும். இணையத்தில் எடுக்கிற பிளேன்கள் பலதில் அந்த வரியே இருப்பதில்லை.

குறியீடு வெறும் விருப்பம், ஆரைதான் கட்டளை. தன் நிறுவனத்து இடம் நிரம்பியிருந்தால் பிளேன் வேறு பொருத்தமான இடத்தில் போய் நிற்கும். ஆரை போதாத இடத்தில், குறியீடு என்னதான் பொருந்தினாலும், நிற்காது. ஆகவே வேலையை ஆரையில் தொடங்கிப் பிறகு குறியீட்டுக்கு வாருங்கள். குறியீட்டில் தொடங்கினால் எது பிழைக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் தலை சுற்றும்.

மூன்றாவது, இடத்தின் வகை. பயணிகள் கேற், சாதாரண ராம்ப் (திறந்த தரிப்பிடம்), சரக்கு ராம்ப், கடல் விமானத்துக்கு டொக், அதோடு இராணுவச் சரக்கு, இராணுவப் போர் விமானம் என்று இரண்டு வகை. கட்டுநாயக்காவில் சரக்குப் பிளேன்களைத் தனியே ஒதுக்கச் சரக்கு வகை நன்றாக உதவியது. கடைசி இரண்டு வகையையும் பலாலியில் நான் வைக்கவில்லை. இரணைமடுவிலும் வவுனியாவிலும் விமானப்படைத் தளங்கள் இருக்கின்றன, அங்கேயும் ஏஐ பிளேன் எதையும் போடவில்லை. பங்கருக்குள் இருந்து வானத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் மருமகன் பார்க்கிற வானத்தில் சென்னைக்குப் போகிற பிளேனும் கொழும்புக்குப் போகிற பிளேனும் மட்டும் பறக்கட்டும்.

பலாலியின் ஒற்றை ஓடுபாதை

யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்ரோபர் 17இல் திறக்கப்பட்டது. நவம்பர் 11இல் அலையன்ஸ் எயாரின் ஏரிஆர் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. 2024 செப்ரெம்பர் 1 முதல் இண்டிகோவும் அதே பாதையில் ஏரிஆர் விடுகிறது. எங்களுக்கு இது பெரிய விஷயம். சென்னைக்குப் போக முந்தி இரவிரவாகக் கட்டுநாயக்காவுக்கு வான் வண்டியில் போனவர்கள், இப்போது ஏ9 வீதியால் வடக்கே போய்ப் பலாலியில் ஏறுகிறார்கள். அந்த மாற்றத்தைச் சிமுலேற்றரிலும் பார்க்கவேணும் என்பதுதான் எங்கள் இருவருக்கும் இந்த வேலையில் இருந்த முழு ஆசையும்.

எங்களிடம் இருந்த தொகுப்பில் பலாலி ஓடுபாதைக்குச் சமாந்தரமாக ராக்சிவே, அதாவது பிளேன் ஊர்ந்து போகிற வழி, இல்லை. இறங்கிய பிளேன் ஓடுபாதையிலேயே திரும்பி வந்துதான் தரிப்பிடத்துக்குப் போகவேணும். புறப்படுகிறதும் ஓடுபாதை வழியாக முனைவரை ஊர்ந்து, அங்கே திரும்பித்தான் கிளம்பவேணும். ஏஐ பிளேன் இதைத் தானாக ஊகிக்காது. அதற்குக் கோடு போட்டுக் கொடுக்கவேணும்.

நான் செய்தது இது. ஓடுபாதையின் நடுக்கோட்டின் மேலே ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓடுபாதை வகை இணைப்பைப் போட்டேன். தரிப்பிடப் பக்கமிருந்து வருகிற ராக்சிவேயை அதில் ஒரு புள்ளியில் சேர்த்தேன். சேர்த்தேன் என்றால், புள்ளிக்கு மேலே புள்ளி வைத்தது போலத் தெரிந்தால் போதாது. இரண்டு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும், சிமுலேற்றருக்கு அது வெட்டுப்பட்ட பாதை. மௌஸால் புள்ளியைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். எல்லாக் கோடும் சேர்ந்து இழுபட்டால் அது ஒரே புள்ளி. ஒரு கோடு பின்தங்கினால் இணைப்பு இல்லை. எடிற்றரிலேயே தவறு தேடும் வசதி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதை ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஆனாலும் இழுத்துப் பார்ப்பதைத்தான் நான் கூடுதலாக நம்புகிறேன்.

ஓடுபாதைக்குள் நுழைய முன்னம் பிளேன் நின்று அனுமதி கேட்கிற இடத்துக்கு ஹோல்ட் ஷோட் புள்ளி வைக்கவேணும். அது ஓடுபாதையின் விளிம்புக்குக் கிட்ட இருந்தால், நிற்கிற பிளேனின் மூக்கு ஓடுபாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். தள்ளி வையுங்கள். முனைகளில் திரும்புகிற இடத்தில் கோட்டைக் கூராக மடிக்காமல் அகலமாக வளைத்துவிட்டால், ஏரிஆர் திரும்புவதைப் பார்க்க அழகாக இருக்கும். கூராக மடித்தால் நின்ற இடத்திலேயே சுழலும்.

இனிக் காற்று. ஏஐ பிளேன் எந்த முனையால் இறங்கும் என்பதைக் காற்றுத்தான் தீர்மானிக்கிறது. பலாலி ஓடுபாதையின் பெயர் 05/23, அதாவது வடகிழக்கும் தென்மேற்கும். கட்டுநாயக்காவும் இரத்மலானையும் 04/22, சீனக்குடா 06/24. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சாய்வு. எங்கள் சோளகமும் (தென்மேற்குக் காற்று) வாடையும் (வடகிழக்குக் காற்று) வீசுகிற திசைகளைப் பார்த்தால் காரணம் விளங்கும். சோளகக் காற்றுக் காலத்துக்கு 230 பாகையில் 15 நொட் என்று வைத்தேன். பிளேன்கள் 23ஆல் இறங்கின. மார்கழி வாடைக்கு 50 பாகை என்று மாற்றினேன். அதே பிளேன்கள் அடுத்த முனையால் வந்தன. காற்றை மாற்றிப் பார்க்காமல் விமான நிலையத்தை முடித்ததாக நினைக்கக்கூடாது. ஒரு திசையில் சரியாக ஓடுகிற பாதை மறு திசையில் வெட்டுப்பட்டுக் கிடக்கலாம். பலாலியில் தெற்கு முனைப் பக்கத்து இணைப்பு வெட்டுப்பட்டுக் கிடந்ததை வாடைக்கு மாற்றிய பிறகுதான் பிடிக்க முடிந்தது.

நேரசூசி

ட்ரபிக்கை எழுத ஏஐ பிளைற் பிளானர் என்கிற கருவியைப் பாவித்தோம். ஒவ்வொரு பிளேனுக்கும் ஒரு வரி. எந்த மொடல், பதிவெண் என்ன, எத்தனை சதவீதம், எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை அல்லது கிழமைக்கு ஒருமுறை சுற்றுகிறது, எத்தனை மணிக்கு எந்த உயரத்தில் எங்கே போகிறது. பறப்பு எண்ணுக்கு முன்னால் எஃப் என்று இருந்தால் கட்டுப்பாட்டுக் கோபுரம் பறப்பு எண்ணால் கூப்பிடும், ஆர் என்று இருந்தால் பதிவெண்ணால் கூப்பிடும். உயரம் நூறு அடிக் கணக்கில்: 140 என்றால் 14,000 அடி.

நேரம் எல்லாம் உலக நேரம். எங்கள் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலத்தைக் கழிக்கவேணும். காலை 10.30 என்றால் 05.00. அதிகாலைப் பறப்புகளில் கூடிய கவனம் வேண்டும். கட்டுநாயக்காவிலிருந்து திங்கள் அதிகாலை 2 மணிக்குக் கிளம்புவது உலக நேரத்தில் ஞாயிறு இரவு 8.30. கிழமையை மாற்ற மறந்தால் அந்தப் பறப்பு ஒரு நாள் பிந்தி வரும், ஏனென்று யாருக்கும் விளங்காது.

சென்னையிலிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் சுமார் 190 கடல் மைல். ஏஐ பிளேன் நேர்கோட்டில்தான் பறக்கும். உண்மையான விமானப் பாதைகளைப் பின்பற்றாது. அதனால் நிறுவனத்தின் நேரசூசியில் உள்ளதைவிட நன்றாக முந்தி வந்து சேரும். இறங்கும் நேரத்தைக் கருவியே பிளேனின் வேகத்தை வைத்துக் கணிக்கட்டும் என்று விடுவதுதான் நல்லது. சென்னை–கொழும்புப் பிளேன்களின் நேர்கோட்டை வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் அது மன்னார்க் கரையை ஒட்டிப் போகிறது. மருமகன் மன்னாரில் ஒரு செஸ்னாவை வைத்துக்கொண்டு, தலைக்கு மேலே போகிற ஏ320ஐப் பார்த்துக்கொண்டிருப்பான்.

நேரசூசிக்கும் தரிப்பிடத்துக்கும் உள்ள தொடர்புதான் பலர் கவனிக்காதது. ஒரு பிளேனின் கடைசிப் பறப்பு எங்கே முடிகிறதோ அங்கேதான் அது அடுத்த பறப்புவரை தூங்கும். பலாலியில் முடிகிற மாதிரி எழுதினால் இரவு முழுக்க ஒரு தரிப்பிடம் போய்விடும். ஆகவே இரண்டு நிறுவனப் பிளேன்களையும் சென்னையில் தூங்க வைத்தேன். பலாலியில் அவை வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். அதோடு இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டேன், ஏனென்றால் ஒன்று ஓடுபாதையில் திரும்பி ஊர்ந்து வருகிற நேரம் மற்றது இறங்க வந்தால் கோபுரம் அதைச் சுற்றிவரச் சொல்லும். ஒற்றை ஓடுபாதையில் இந்தச் சுற்று முடியாமல் போய்க்கொண்டே இருக்கும்.

கட்டுநாயக்காவுக்கு வேறு கணக்கு. அங்கே சிறீலங்கன் பிளேன்கள் எல்லாம் வீட்டுக்கு வருகிற நேரம் ஒன்று இருக்கும். நாளில் எந்த நேரத்தில் கூடுதலான பிளேன்கள் ஒன்றாகத் தரையில் நிற்கின்றன என்று பார்த்து, அந்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்றிரண்டு இடம் கூட வைக்கவேணும். பகலில் பார்த்துவிட்டு இடம் தாராளமாக இருக்கிறது என்று முடிவெடுக்கக்கூடாது.

சதவீதம் பற்றியும் சொல்லவேணும். சிமுலேற்றரின் ட்ரபிக் அளவை 40இல் வைத்தால், 40ம் அதற்குக் கீழும் எழுதப்பட்ட பிளேன்கள் மட்டும் வரும். நான் பலாலிப் பிளேன்களுக்கு 1 என்று எழுதினேன். கொம்பியூட்டர் திணறுகிற நாளில் அளவை 1 வரை குறைத்தாலும் பலாலிக்கு வருகிற இரண்டும் வரும். கட்டுநாயக்காவின் மற்ற நிறுவனங்களைப் படிப்படியாக மேலே ஏற்றிவிட்டேன்.

ஒன்றுமே தெரியாமல் போகும்போது

ஒரு பிளேன் காணாமல் போனால் தரிப்பிடத்தைப் பாருங்கள். எல்லாப் பிளேனும் ஒரேயடியாகக் காணாமல் போனால் வேறு காரணம். எஃப்எஸ்எக்ஸுக்கு எழுதிய ட்ரபிக் பைலும் அதற்கு முந்திய 2004 பதிப்புக்கு எழுதிய ட்ரபிக் பைலும் உள்ளமைப்பில் வேறுவேறு. பழைய வகையில் ஒரே ஒரு பைல் உள்ளே வந்தாலும் போதும், புதிய வகையில் இருக்கிற எல்லாவற்றையும் அது மறைத்துவிடும். தானாக நிறுவுகிற தொகுப்புகளோடு இது சத்தமில்லாமல் வந்துசேரும். ஏஐ பிளைற் பிளானரில் அந்தப் பைலைத் திறந்து புதிய வகைக்கு மாற்றிச் சேமித்தால் தீரும். எது குற்றவாளி என்று தெரியாவிட்டால், ஒவ்வொரு ட்ரபிக் பைலின் பெயரிலும் புள்ளிக்குப் பின்னால் வருகிற கடைசிப் பகுதியை ஓஎஃப்எஃப் என்று மாற்றி, ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். அழிக்க வேண்டாம்.

எஃப்எஸ்எக்ஸின் டீலக்ஸ் பதிப்போடு வந்த மேம்பாட்டுத் தொகுப்பில் ட்ரபிக் டூல்பொக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் ஓடுகிற எல்லா ஏஐ பிளேன்களும் பட்டியலாக வரும், பக்கத்தில் ஒவ்வொன்றின் நிலையும்: தூங்குகிறது, அனுமதி கேட்கிறது, ஊர்கிறது, கிளம்புகிறது, இறங்குகிறது, சுற்றிவரப் போகிறது. இது எனக்குக் கிடைத்ததிலிருந்து ஊகிக்கிற வேலை பாதியாகக் குறைந்தது. பட்டியலில் பிளேன் இருந்து திரையில் இல்லை என்றால் மொடலில் அல்லது நிறத்தில் குறை. பட்டியலிலேயே இல்லை என்றால் தரிப்பிடத்தில், சதவீதத்தில் அல்லது நேரத்தில் குறை.

கொம்பியூட்டர் திணறினால், நீங்கள் ஓட்டுகிற பிளேன் மொடலையே ஏஐக்கும் பாவிக்கிறீர்களா என்று பாருங்கள். ஓட்டுகிற மொடலில் கொக்பிற்றின் ஒவ்வொரு பொத்தானும் வரையப்பட்டிருக்கும். ஏஐக்கென்று செய்த மொடல்கள் தூரம் கூடக்கூட எளிமையாகிக்கொண்டே போகும். பழைய கொம்பியூட்டரில் அந்த ஒரு மாற்றம் பெரிய உதவி.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது. கட்டுநாயக்காவில் வெளியே போகிற பிளேனும் உள்ளே வருகிற பிளேனும் ஒரே ராக்சிவேயில் மூக்கோடு மூக்கு முட்டி நின்றுவிடும். எஃப்எஸ்எக்ஸில் ராக்சிவேயை ஒருவழிப் பாதை என்று சொல்ல வழியில்லை. இப்போதைக்கு, தரிப்பிடங்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டம் ஒரு வழியாலும் மற்றக் கூட்டம் மற்ற வழியாலும் ஓடுபாதைக்குப் போகும்படி நடுவில் இருந்த இணைப்பொன்றை வெட்டியிருக்கிறேன். முட்டுவது குறைந்திருக்கிறது. 22ஆல் இறங்குகிற காற்றில் இன்னும் சோதிக்கவில்லை. சோதித்த பிறகு, வெட்டிய இணைப்பின் படத்தையும் இரண்டு விமான நிலையப் பைல்களையும் கேட்கிறவர்களுக்குத் தருகிறேன்.